அங்கிலிக்கன் சபையின் முதற் பெண் குரு: லீ ரிம் ஓய் அம்மையாரும் நீண்டதொரு விவாதமும்

மிஷன் பாடசாலைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கவனியாது விடும் முரண் ஒன்று உண்டு. விடுதியை நடத்தியவர், கணக்குப் பார்த்தவர், வேதபாடம் கற்பித்தவர், காலைச் செபத்தை முன்நின்று நடத்தியவர், காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு இரவிரவாகக் கஞ்சி பருக்கியவர் ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமை அதே பிள்ளைகளை இருவர் இருவராக நிரைப்படுத்தி ஆலயத்துக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. ஆனால் ஆலயத்துள் நுழைந்ததும் அவர் வாங்கில் அமர்ந்துவிடுவார். பிரசங்கம், திருவிருந்து, ஆசீர்வாதம் எல்லாம் குருவானவருடையவை, குருவானவர் ஆண்.

பாடசாலையைக் கட்டியெழுப்பிய பெண்களைப் பற்றி இம்மலரில் வேறு பலர் எழுதுவர். அவர்களைப் போன்ற எல்லாப் பெண்களும் வந்து நின்ற அந்தப் பீடப்படியைப் பற்றி எழுத நான் விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இது தெரிந்த கதைதான். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். 1840இல் வந்து சேர்ந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ 40 வருடங்கள் அங்கே பணியாற்றினார். தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பவில்லை. ஆயிரம் பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொல்வர். தாய் என்ற பெயர் கிடைத்தது. குரு என்ற பெயர் கிடைக்கவில்லை.

அக்காலத்தில் அப்படி ஒன்று எங்குமே நடக்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்க மிஷனின் பின்னால் நின்ற சபைகளுள் முதன்மையானது கொங்கிரிகேஷனல் சபை. அந்தச் சபையைச் சேர்ந்த அன்ரனெற் பிரவுண் என்ற பெண் 1853இல் நியூயோர்க் மாநிலத்தின் கிராமமொன்றில் குருவாக அபிஷேகம் பெற்றார். ஓபர்லின் கல்லூரியில் இறையியற் படிப்பை 1850இல் முடித்திருந்தும் பெண் என்பதால் கல்லூரி அவருக்குப் பட்டம் வழங்கவில்லை. பின்னர் அவர் மணந்தது சாமுவேல் பிளாக்வெல் என்பவரை. சாமுவேலின் சகோதரிதான் 1849இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்ணான எலிசபெத் பிளாக்வெல். ஒரே வீட்டில் முதற் பெண் வைத்தியரும் முதற் பெண் குருவும் மைத்துனிமாராக இருந்திருக்கிறார்கள்! என் துறையில் எலிசபெத்தின் பெயரை அறியாதவர் இல்லை. அன்ரனெற்றின் பெயரை நான் அறிந்ததோ மிகப் பிந்தித்தான்.

ஆனால் கொங்கிரிகேஷனல் முறையில் ஒரு கிராமத்துச் சபை தன் குருவைத் தானே தெரிவு செய்யலாம். ஆயர்களின் கைவைப்பினால் குருத்துவம் வழிவழியாக வருகிறது என்று நம்பும் சபைகளில் அப்படி இல்லை. அங்கே ஓர் ஆயர் செய்வது உலகெங்கும் உள்ள ஏனைய ஆயர்களையும் தொடும். அங்கிலிக்கன் சபை இத்தகையது. அதனால்தான் அங்கே கதவு திறக்கப் பின்னும் ஒரு நூற்றாண்டு சென்றது. அதைத் திறந்ததும் இங்கிலாந்து அல்ல, போர் நடந்துகொண்டிருந்த சீனம்.

லீ ரிம் ஓய் 1907 மே மாதத்தில் ஹொங்கொங்கில் பிறந்தார். பெண்பிள்ளை பிறந்தால் முகம் சுளிக்கும் சமூகத்தில், மிக நேசிக்கப்பட்டவள் என்று பொருள்படும் பெயரைத் தகப்பனார் அவருக்கு வைத்தார். ஞானஸ்நானம் பெற்றபோது தானாக ஒரு பெயரைத் தெரிந்துகொண்டார்: புளோரன்ஸ். தாதியர் பணியின் முன்னோடியான புளோரன்ஸ் நைற்றிங்கேலின் நினைவாக வைத்துக்கொண்டது அது. 1931இல் ஹொங்கொங் பேராலயத்தில் ஒரு டீக்கனஸ் அபிஷேக ஆராதனையின்போது, சீனச் சபைக்குத் தன்னை அர்ப்பணிக்க ஒரு சீனப் பெண் இல்லையா என்று பிரசங்கியார் கேட்டார். அதைத் தன்னிடம் கேட்ட கேள்வியாக எடுத்துக்கொண்டவர், பின்னர் கன்ரன் நகரில் இறையியல் பயின்றார்.

படிப்பு முடிந்து சில காலத்தின் பின் போர்த்துக்கேயர் ஆட்சியிலிருந்த மக்காவோவுக்கு அவரை அனுப்பினார்கள். 1941 மே மாதத்தில் ஆயர் றொனால்ட் ஹோல் அவரை உதவிக்குருவாக்கினார். அவ்வருட நத்தார் தினத்தில் ஹொங்கொங் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மக்காவோ நடுநிலைப் பிரதேசமாதலால் அகதிகள் அங்கே வந்து குவிந்தனர். இடப்பெயர்வைக் கண்ட எம் தலைமுறையினருக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. உணவு இல்லை, இடம் இல்லை, நோய், மரணம். குருவானவர் எவரும் எல்லை கடந்து வர வழியில்லை. ஞானஸ்நானம் கொடுத்தவர், அடக்க ஆராதனை நடத்தியவர், அரிசி தேடியவர் எல்லாம் ரிம் ஓய்தான். சபை திருவிருந்து இன்றித் தவிக்கக்கூடாது என்பதற்காக, உதவிக்குருவாக இருந்தபடியே அதையும் நடத்த அவருக்கு அனுமதி கிடைத்தது. ஏறத்தாழ இரண்டு வருடங்கள் அப்படிச் சென்றன.

ஆயர் ஹோலுக்கு இது மனதை உறுத்தியது. குருவல்லாத ஒருவரைத் திருவிருந்து நடத்தவிடுவது சபை ஒழுங்கை மீறுவது. அதைவிட அவரைக் குருவாக்கிவிடுவதே ஒழுங்கு என்று அவர் எண்ணினார். 1944 ஜனவரி 25ஆம் திகதி, பவுல் அடிகள் மனந்திரும்பிய திருநாளில், ஜப்பானியர் பிடிக்குள் வராத சீனப் பகுதியொன்றில் அபிஷேகம் நடந்தது. அதற்காக ரிம் ஓய் மக்காவோவிலிருந்து ஆபத்தான பயணமொன்றை மேற்கொண்டார். பெண்ணுரிமைக்காகத் தாம் இதைச் செய்யவில்லை என்றே ஹோல் விளக்கினார். புறவினத்தானாகிய கொர்நேலியுவுக்குக் கடவுள் ஏற்கெனவே வரத்தைக் கொடுத்துவிட்டதைக் கண்ட பேதுருவின் நிலையே தம் நிலையும் என்றார்.

கன்ரபரிப் பேராயர் வில்லியம் ரெம்பிள் உள்ளூர இருமனமாக இருந்தபோதும் வெளிப்படையாக இதை ஏற்கவில்லை. அவருக்குப் பின் வந்த ஜெப்ரி பிஷர் இன்னும் கண்டிப்பானவர். போர் முடிந்ததும் நெருக்கடி ஹோல் மீது திரும்பியது. தன்னால் ஆயருக்குக் கேடு வரக்கூடாது என்று 1946இல் ரிம் ஓய் குருவாகப் பணியாற்றும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அவர் விட்டுக்கொடுத்தது உரிமத்தை, குருப்பட்டத்தை அல்ல. வைத்தியத் துறையில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். வைத்தியசாலைப் பதவியை இராஜினாமாச் செய்யலாம். நான் வைத்தியர் அல்ல என்று இராஜினாமாச் செய்ய முடியாது. அவரை எதிர்த்தவர்கள் கேட்டதும், அவர் கொடுத்ததும் ஒன்றல்ல. சத்தமில்லாமல் அந்த இடைவெளியை அவர் நாற்பது வருடங்கள் வரை காத்தார். இதைப் பணிவு என்று மட்டும் சொல்லிப் புகழ்வோர் அவரைச் சரியாகப் படிக்கவில்லை என்பது என் எண்ணம்.

1947இல் வியற்நாம் எல்லைக்கு அண்மையிலுள்ள ஹெப்பு என்ற ஊரின் சபையை அவரிடம் ஒப்படைத்தார் ஹோல். அங்கே ரிம் ஓய் பெரியதொரு மகப்பேற்று விடுதியைத் தொடங்கினார். பிறந்த பெண்சிசுவைக் கொன்றுவிடும் வழக்கம் அங்கு இருந்தது. பிரசவம் தன் கண்முன் நடந்தால் பிள்ளை தப்பும் என்பது அவர் கணக்கு. குருவாக இருக்கலாமா என்று உலகெங்கும் ஆயர்கள் விவாதித்துக்கொண்டிருக்க, அவர் பெண்பிள்ளைகளை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

1948இல் இலண்டனில் லம்பெத் மாநாடு கூடியது. இருபது வருடங்களுக்குப் பரீட்சார்த்தமாகப் பெண்ணொருவரைக் குருவாக்கிப் பார்க்கலாமா என்று சீனச் சபை கேட்டது. அது அங்கிலிக்கன் மரபுக்கு முரணானது என்று மாநாடு மறுத்தது. இலங்கைத் திருச்சபை அப்போது இந்தியா முதலிய நாடுகளுடன் ஒரே மாகாணமாக அந்தக் குடும்பத்தில் இருந்தது. ஆகவே அந்த மறுப்பு எமக்கும் உரியது. முந்திய வருடம் பிறந்த தென்னிந்தியத் திருச்சபையைப் பற்றியும் அதே மாநாட்டில் கடும் விவாதம் நடந்தது.

மறுத்தவர்கள் எல்லோரும் பெண்களை இழிவாக எண்ணியவர்கள் அல்லர். கிறிஸ்து பன்னிரு ஆண்களையே அப்போஸ்தலராகத் தெரிந்தார். பீடத்தில் நிற்கும் குரு கிறிஸ்துவைப் பிரதிபலிக்கிறார். இரண்டாயிரம் வருட வழக்கத்தை ஒரு சபை தனியே மாற்றினால் உரோமையோடும் கீழைத்தேயச் சபைகளோடும் ஒன்றுபடும் வழி அடைபடும். இவை கனமான வாதங்கள். கத்தோலிக்க சபை இன்றும் இவற்றையே சொல்கிறது. பெண்களுக்குக் குருத்துவம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அறிவித்தார். எம் வகுப்புத் தோழியருள் கத்தோலிக்கர் பலர். இதை அவர்கள் எல்லோரும் ஒரே விதமாக எண்ணுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

வேதவசனங்களை எடுத்துக்கொண்டால், பெண்கள் சபையில் பேசாதிருக்கட்டும் என்ற பொருளில் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் வருவதை அடிக்கடி கேட்டிருக்கிறோம். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தை யாரும் பிரசங்கித்துக் கேட்டதில்லை. அது வெறும் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிவிடுவார்கள். அதில் முதலாவது பெயர் பெபேயாள் என்ற பெண்ணுடையது. அவருக்குப் பவுல் பயன்படுத்தும் கிரேக்கச் சொல், மற்ற இடங்களில் சபைப் பதவியாளரைக் குறிக்கும் அதே சொல். எமது பழைய தமிழ் வேதாகமம் அங்கே உதவிக்காரர் என்றும் இங்கே ஊழியக்காரி என்றும் பிரித்துவிட்டது. இத்தகைய விடயங்களில் மொழிபெயர்ப்பாளரின் கை சினட்டின் வாக்கெடுப்பைவிட வலிது.

தேவை என்ற வாதம் இருபுறமும் கூரானது. பிறந்த உடனே இறந்துபோகும் நிலையிலுள்ள சிசுவுக்கு மருத்துவிச்சி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று திருச்சபை நெடுங்காலம் ஏற்றிருந்தது. கத்தோலிக்க முறையில் அவசரவேளையில் எவரும் கொடுக்கலாம் என்பது இன்றும் உள்ளது. பிரசவ விடுதிகளில் தாதியர் அதைச் செய்கிறார்கள். இங்கிலாந்திலோ 1604இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் பெண்கள் ஞானஸ்நானம் கொடுப்பதை விரும்பாமல் செபப் புத்தகத்தையே திருத்த வைத்தார். அவசரம் தரும் அதிகாரத்தை அமைதி வந்ததும் திருப்பி வாங்கிவிடலாம். ரிம் ஓய்க்கு நேர்ந்ததும் அதுவே. ஹோலின் நியாயம் தேவையோடு நின்றபடியால், தேவை முடிந்ததும் அவரால் அதைக் காக்க முடியவில்லை.

சீனத்தில் ஆலயங்கள் மூடப்பட்ட வருடங்களில் ரிம் ஓய் பண்ணையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்ய வேண்டியிருந்தது. தன் குருவுடைகளைத் தன் கையாலேயே கத்தரிக்கோலால் வெட்டும்படி செங்காவலர் அவரைக் கட்டாயப்படுத்தினார்கள். தற்கொலை எண்ணம்கூட வந்தது என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார்.

அந்த இருளில் அவர் இருந்தபோது வெளியே காரியங்கள் நகர்ந்தன. 1971இல் கென்யாவின் லிமுருவில் கூடிய அங்கிலிக்கன் ஆலோசனைச் சபை, தம் மாகாணத்தின் ஒப்புதலோடு ஆயர் ஒருவர் பெண்களைக் குருவாக்கலாம் என்று 24க்கு 22 என்ற வாக்குகளால் தீர்மானித்தது. அவ்வருட நவம்பரில் ஹொங்கொங்கில் ஜேன் ஹுவாங், ஜோய்ஸ் பெனற் இருவரும் குருக்களாயினர். ஜோய்ஸ் பெனற் யாரென்று பார்த்தால், ஹொங்கொங்கில் பெண்கள் பாடசாலையொன்றைத் தொடங்கி நடத்திவந்த அதிபர்! பிள்ளைகளை ஆலயத்துக்கு அழைத்துச் சென்ற அதிபரம்மா முதன்முறையாகப் பீடப்படியைக் கடந்தார். இதைக் காண ஆயர் ஹோல் உயிரோடு இருந்தார்.

இங்கிலாந்துச் சபை பெண்களைக் குருவாக்க 1992 நவம்பரில் வாக்களித்தது. பொதுநிலையினர் அவையில் இரண்டே வாக்குகளால் அது தப்பியது. கனடாவில் குடியேறி மீண்டும் குருவாகப் பணியாற்றிய ரிம் ஓய் அதற்கு ஒன்பது மாதங்கள் முன்னரே ரொறன்ரோவில் காலமாகிவிட்டார். பெண் ஆயர்களுக்கான பிரேரணை 2012இல் ஆறு வாக்குகளால் தோற்று 2014இல் நிறைவேறியது. 2025 ஒக்ரோபரில் சேரா முலலி அம்மையார் கன்ரபரியின் அடுத்த பேராயர் என்று அறிவிக்கப்பட்டார். ஜெப்ரி பிஷர் இருந்த அதே ஆசனம். குருவாவதற்கு முன் அவர் தாதி. இங்கிலாந்தின் பிரதான தாதிய அதிகாரியாக இருந்தவர். உலகின் பல அங்கிலிக்கன் ஆயர்கள் அந்நியமனத்தை எதிர்த்து அறிக்கை விட்டார்கள். விவாதம் முடியவில்லை.

எம் பக்கம் வருவோம். யாழ்ப்பாண ஆதீனத்தையும் உள்ளடக்கிய தென்னிந்தியத் திருச்சபை 1976இல் முதற் பெண் குருவை அபிஷேகம் செய்தது. 2013இல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையாரை முதற் பெண் பேராயராக்கியது. (அச்சபையார் ஆயரையே பேராயர் என்பர்.) இலங்கை அங்கிலிக்கன் திருச்சபையில் பெண்கள் முதன்முதலாகக் குருக்களானது 2006இல், ஆயர் துலீப் டி சிக்கேரா காலத்தில். லம்பெத் மறுப்பிலிருந்து அதற்கு 58 வருடங்கள். கொழும்பு, குருநாகல் ஆகிய இரு மறைமாவட்டங்களிலும் பெண் ஆயர் எவரும் இதுவரை இல்லை.

பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் பெண்களும் பயில்கிறார்கள். எமது சங்கத்தின் அங்கத்தவர் பதிவேட்டில் தொழில் என்று ஒரு நிரல் உண்டு. ஆசிரியை, வைத்தியர், சட்டத்தரணி, கணக்காளர், பொறியியலாளர், விமானி என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. குருவானவர் என்று இன்னும் எவரும் எழுதவில்லை.