மாட்டுங்கா உருவான கதை: முதலில் சாக்கடை, பிறகு வீடு

மும்பைத் தமிழர் வரலாறு என்றாலே கோயில், சபா, பள்ளிக்கூடம், இட்லிக் கடை என்று பேசுவது நம் வழக்கம். 1923-ல் தொடங்கிய ஆஸ்திக சமாஜம், 1932-ல் உருவான தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952-ல் பிறந்த சண்முகானந்த சபை எல்லாமே நமக்குப் பெருமைதான். ஆனால் இவை காலூன்றிய மண்ணைக் குடியிருக்கத் தக்கதாக ஆக்கியது எது என்று நாம் அதிகம் கேட்பதில்லை. கேட்டால், விடை சாக்கடைக் குழாயில் போய் நிற்கிறது.

பிளேக் போட்ட விதை

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் பரவியிருப்பதை டாக்டர் அகாசியோ வியேகஸ் கண்டறிந்தார். காற்றும் வெளிச்சமும் புகாத சால்களில் அடைந்து கிடந்த ஜனங்கள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். பிழைத்தவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியால் நோய் பரவுகிறது என்ற உண்மை அப்போது நிலைபெறவில்லை. ஈரமும் நெரிசலும்தான் காரணம் என்று அரசாங்கம் நம்பியது. அந்த நம்பிக்கையில் 1898-ல் பிறந்ததுதான் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட்.

டிரஸ்ட் இரண்டு வேலைகளைக் கையில் எடுத்தது. ஒன்று, பழைய நகரத்தை இடித்து, கடற்காற்று உள்ளே வர அகலமான சாலைகள் போடுவது. பிரின்ஸஸ் தெருவும் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையும் அப்படி வந்தவை. மற்றொன்று, வடக்கே வயலும் பள்ளமுமாகக் கிடந்த தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் புதிய குடியிருப்புகளை அமைப்பது. 1899-1900-லேயே திட்டம் தயார். ஆனால் ஆட்கள் பெருமளவில் குடியேறியதென்னவோ முதல் உலகப் போருக்குப் பிறகுதான்.

வரிசை மாறவில்லை

இங்கே கவனிக்க வேண்டியது வேலை நடந்த வரிசை. முதலில் நிலத்தைக் கையகப்படுத்தி, பள்ளத்தை மேடாக்கினார்கள். பிறகு சாலை, சாக்கடை, தண்ணீர்க் குழாய். அதன் பின்னரே மனை பிரித்துக் குத்தகைக்கு விட்டார்கள். மனை முழுவதையும் அடைத்துக் கட்ட அனுமதி கிடையாது. டிரஸ்டின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஆர் வற்புறுத்திய '63½ டிகிரி' விதியும் உண்டு. எளிமையாகச் சொன்னால், கட்டடத்தின் உயரத்தில் பாதியளவாவது எதிரே வெட்டவெளி இருக்க வேண்டும். அப்போதுதான் கீழ்த்தள ஜன்னலுக்கும் வெளிச்சம் வரும். டிரஸ்டில் பொறியாளராக இருந்த மஞ்செர்ஜி ஜோஷியின் பெயர் தாங்கிய ஐந்து தோட்டங்களும் இந்தச் சிந்தனையின் விளைச்சல்தான்.

சாக்கடை வந்ததால் வீட்டு அமைப்பே மாறிற்று. சாலில் பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு கழிப்பறை. அதைச் சுமந்து துப்புரவு செய்ய ஒரு மனிதர். மாட்டுங்காவின் புதிய கட்டடங்களிலோ குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் இருந்ததால், கழிப்பறை ஃபிளாட்டுக்கு உள்ளேயே வந்தது. ஆசாரம் பார்த்த நம்ம குமாஸ்தாக் குடும்பங்கள் இதை ஏற்றுக்கொண்டது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை.

ரயில் பாதைக்கு அப்பால்

இதே டிரஸ்டின் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நகர மையத்தில் வீடு இடிபட்ட ஏழைகளுக்கு இந்த அழகான மனைகள் எட்டவில்லை. மாட்டுங்காவிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நம்மவர்கள் சதுப்பு நிலத்தைத் தாங்களே மண் கொட்டி நிரப்பிக் குடிசை போட்டார்கள். அங்கே வரிசை தலைகீழ்: முதலில் வீடு, சாக்கடை எப்போதோ, அதுவும் அரைகுறையாக. பம்பாய்க்கென 1985-ல் ராஜீவ் காந்தி அறிவித்த 100 கோடி ரூபாயில் ஒரு பங்கு தாராவிக்கு வந்தபோது, பல தலைமுறைகள் அங்கே கழிந்திருந்தன. இரு பகுதியிலும் தமிழர்தான், பிரித்தது திட்டம்.

சாக்கடைக்கும் ஆயுசு உண்டு

முன்னோர் போட்ட வடிகால் என்றென்றைக்கும் போதாது. மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையை, அதுவும் கடல் வற்றியிருக்கும்போது, தாங்கும்படி அமைந்தவை நகரின் பழைய மழைநீர் வடிகால்கள். 1993-ல் வந்த 'பிரிம்ஸ்டோவாட்' அறிக்கை இதை இரட்டிப்பாக்கச் சொன்னது. வேலை மந்தமாகவே நடந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தது. மேடாக்கிய பள்ளம் தன் பழைய குணத்தை மறக்கவில்லை. கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் நீரில் நின்றன.

இன்று நம் பிள்ளைகள் டோம்பிவிலி, கல்யாண், நவி மும்பை என்று வீடு தேடிப் போகிறார்கள். விலை, ஸ்டேஷன் தூரம், நல்ல பள்ளிக்கூடம் எல்லாம் விசாரிக்கட்டும், தப்பில்லை. கூடவே மழைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுகிறது, சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது, குழந்தைகள் ஓடியாட விட்ட இடம் பத்திரத்தில் மட்டும்தானா, தரையிலும் இருக்கிறதா என்றும் கேட்கட்டும். அண்டை அயலில் உள்ள குடிசைப் பகுதிக்கும் அந்த வடிகால் உண்டா என்று கேட்பது அதைவிட முக்கியம். 1896-ல் பம்பாய் பட்ட பாடு அதைத்தான் சொல்கிறது: ஒரு தெருவை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு ஊர் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை.