மண்வெட்டிக்கு ஒதுக்கப்பட்டவர்கள்: எந்தப் படைப்பிரிவு என்ற கேள்வியின் வரலாறு



பட்டாளத்துக்குப் போக விரும்பும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது, எதில் சேரலாம் என்பதைத்தான். தரைப்படையா, கடற்படையா, விமானப்படையா? தரைப்படை என்றால் காலாட்படையா, பொறியாளர் படையா? 2020 முதல் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய் போர் விமானங்கள் பறக்கின்றன. வயல்வெளியில் நின்று அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்கு இந்தக் கேள்வி வருவது இயல்பு. ஆனால் நம் முன்னோருக்கு இது கேள்வியாகவே இருந்ததில்லை. அவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சாதி முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. அது எப்படி நடந்தது என்பதையே இந்த நினைவுரையில் பேச விரும்புகிறோம்.

1799இல் தஞ்சை கம்பெனி ஆட்சியின் கீழ் வந்தது. நிலம் மிராசுதாரிடம் இருந்தது. அதில் உழைத்தவர் பண்ணையாள். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அறிவித்த பிறகும் கடன் என்ற கயிறு அவிழவில்லை. பண்ணையாள் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் வருவதற்கு 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊரைவிட்டு வெளியேற இருந்த வழிகள் சிலவே. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்குப் போகலாம். இலங்கைக்குப் போகலாம். இன்னொரு வழி பட்டாளம்.

கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்ட தொடக்கக் காலத்தில் மதராஸ் படை பறையர்களைச் சேர்த்துக்கொண்டது. 1780இல் இரண்டு கம்பெனிகளோடு உருவான மதராஸ் பயனியர் பிரிவே பின்னாளில் மதராஸ் சப்பர்ஸ் ஆயிற்று. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு அது இன்றும் இயங்குகிறது. பாதை போடுவது, பாலம் கட்டுவது, பதுங்குகுழி வெட்டுவது, கோட்டைச் சுவரின் அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைப்பது இவர்கள் வேலை. படை நகரும் முன்பே இவர்கள் நகர்ந்தாக வேண்டும்.

நம் டெல்டாவின் நீர் வரலாற்றில் நிலைத்துவிட்ட ஆர்தர் காட்டன், மதராஸ் பொறியாளர் படையின் அதிகாரிதான். 1830களில் முக்கொம்பு மேலணையும் அணைக்கரைக் கீழணையும் அவருடைய திட்டப்படி எழுந்தன. காட்டனின் பெயரை இன்றும் நன்றியோடு சொல்கிறோம். மண் சுமந்தவர், கல் சுமந்தவர் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆற்றிலும் படையிலும் பங்கீடு ஒன்றாகவே இருந்தது.

1857க்குப் பிறகு, குறிப்பாக 1880களில், ‘போர்க்குடிகள்’ என்ற கொள்கை வலுப்பெற்றது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தளபதியாகவும் பிறகு இந்தியாவின் தலைமைத் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ் அதன் பெரிய ஆதரவாளர். தென்னாட்டுச் சிப்பாய் வடமேற்கு எல்லைப் போருக்கு லாயக்கற்றவர் என்பது அவர் முடிவு. மதராஸ் காலாட்படைப் பட்டாளங்கள் சில கலைக்கப்பட்டன. சில பஞ்சாபியரால் நிரப்பப்பட்டன. எஞ்சியவற்றிலும் கம்பெனிகள் சாதி, மதவாரியாகப் பிரிக்கப்பட்டன. முஸ்லிம்கள் ஒரு பக்கம், சாதித் தமிழர் ஒரு பக்கம், பறையரும் கிறித்தவரும் இன்னொரு பக்கம். சேரியும் ஊரும் அப்படியே சீருடை அணிந்து நின்றன. 1920களின் இறுதிக்குள் மதராஸ் காலாட்படை முற்றிலும் கலைந்தது. 1933இல் பயனியர் பிரிவும் போனது. மிஞ்சியது சப்பர்ஸ் மட்டுமே.

பம்பாய் மாகாணத்தில் 1890களின் தொடக்கத்தில் மகர்களுக்குப் படையின் கதவு அடைக்கப்பட்டது. அதை எதிர்த்து, ஓய்வுபெற்ற படைவீரர் கோபால் பாபா வலங்கர் 1894இல் மனு எழுதினார். ஒரு வேலை போனதற்காக மட்டும் எழுந்த கோபம் அல்ல அது. படைப்பள்ளியில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயம். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி, சுபேதார் பதவியில் இருந்தவர். படைப்பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். படையின் கதவு மூடியபோது பள்ளியின் கதவும் சேர்ந்தே மூடியது. இதை அறிந்த அம்பேத்கர், 1941இல் வைஸ்ராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்தபோது மகர்களுக்கான படைப்பிரிவை வலியுறுத்தினார். அந்த அக்டோபரில் மகர் ரெஜிமெண்ட் உருவானது. 1943இல் சமார் ரெஜிமெண்ட் எழுப்பப்பட்டது. போர் முடிந்ததும் 1946இல் கலைக்கப்பட்டது. ஆள் தேவைப்பட்டவரைக்கும்தான் அந்தக் கதவு திறந்திருந்தது.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். மண்வெட்டிக்காரர் என்று ஒதுக்கப்பட்ட பிரிவுதான் நம்மவர் பலருக்குத் தச்சு, கொல்லு, கொத்து வேலைகளைக் கற்றுத் தந்தது. எழுத்தைத் தந்தது. ஓய்வூதியத்தையும் தந்தது. களத்தில் படி நெல்லுக்குக் காத்து நின்ற குடும்பத்துக்கு, மிராசுதார் நிறுத்த முடியாத ஒரு வருமானம் வந்தது. கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட மண் இது. இங்கே அப்படி ஒரு வருமானத்தின் மதிப்பை விளக்கத் தேவையில்லை. அதற்காகப் பட்டாளத்தைப் புனிதமாக்கவும் நாம் தயாரில்லை. பேரரசின் போருக்காகப் பர்மாவிலும் மெசபடோமியாவிலும் உழைத்தவர் ஊர் திரும்பியபோது, அவர் வீடு சேரியிலேயே இருந்தது.

இன்றைய நிலைக்கு வருவோம். கடற்படையிலும் விமானப்படையிலும் சாதிப் பெயரில் பிரிவுகள் இல்லை. தரைப்படையில் ராஜ்புத், ஜாட், டோக்ரா என்ற ரெஜிமெண்ட் பெயர்கள் தொடர்கின்றன. சீருடைப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடு கிடையாது. 2022இல், ஆள்சேர்ப்பில் சாதிச் சான்றிதழ் கேட்பது ஏன் என்ற கேள்வி எழுந்தபோது, விடுதலைக்கு முன்பிருந்த முறையே தொடர்கிறது என்று பாதுகாப்பு அமைச்சர் பதில் சொன்னார். அதே ஆண்டு வந்த அக்னிபத் திட்டத்தில் பணி நான்கு ஆண்டுகள். அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரமாக்கப்படுவார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வெளியேறுவார்கள், ஓய்வூதியம் இல்லை. நம் முன்னோரை மண்வெட்டியோடு ஏற்றுக்கொண்ட படை கடைசியில் கொடுத்தது எதுவோ, அதுவே இப்போது எடுக்கப்பட்டுவிட்டது.

எனவே எந்தப் பிரிவு என்று கேட்கும் மாணவர், நான்காண்டு கழித்துக் கையில் என்ன தொழில் இருக்கும் என்றும் கேட்க வேண்டும். சிப்பாயாகவா, அதிகாரியாகவா என்றும் கேட்க வேண்டும். அதிகாரிகளை உருவாக்கும் பயிற்சிக் கழகம் ஒன்று சென்னைப் பரங்கிமலையிலேயே இருக்கிறது. பிளஸ் டூ முடித்ததும் எழுதக்கூடிய தேசிய பாதுகாப்பு அகாதமித் தேர்வில், தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவும் போதும். விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். அதாவது, யாருக்கு எந்தப் படை என்ற பிரிவினை பிளஸ் ஒன் சேர்க்கையிலேயே பாதி முடிந்துவிடுகிறது.

ராபர்ட்ஸ் போட்ட கோடு இன்று சட்டத்தில் இல்லை. ஆனால் கணித ஆசிரியர் இல்லாத ஒரு பள்ளி அதே கோட்டை ஓசையில்லாமல் போட்டுவிடும். டெல்டாவின் ஒவ்வொரு ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் அந்த ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்பதிலிருந்து நம் வேலையைத் தொடங்குவோம்.