ஆர்.சி. புத்தகம் சொல்லாத கதை

ஏரல்ல ஒரு பழைய அம்பாசிடர் வாங்குறீங்கன்னு வைங்க. நான்னா முதல்ல ஆர்.சி. புத்தகத்துல முந்தின ஓனர்கள் பேரைத்தான் பார்ப்பேன். திருநெல்வேலி முத்திரை இருந்தா குழம்பாதீங்க. தூத்துக்குடி தனி மாவட்டமானதே 1986-லதான். அதுவரைக்கும் ஏரல் நெல்லை மாவட்டம்.

2021-ல வந்த மத்திய அரசு விதிப்படி, விண்டேஜ் வண்டின்னா முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டணும். சேஸிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஆனா பெட்ரோல் அம்பாசிடருக்கு டீசல் எஞ்சின் மாட்டுறது ஒரு காலத்துல சகஜம். அது எப்போ, ஏன்னு அந்த ஓனருக்கோ அவரோட டிரைவருக்கோதான் தெரியும்.

போன்ல எடுத்ததுமே, “அண்ணாச்சி, வரி பாக்கி எதுவும் இல்ல, வண்டியோட கதை கேக்கத்தான் கூப்பிட்டேன்”னு சொல்லிடுங்க. அவங்களுக்கும் வயசாகுது. அடுத்த லீவுக்குன்னு தள்ளிப் போடாதீங்க.