எடைக்குப் போன ஆயுதங்களும் கோயிலில் தப்பிய கவசங்களும்

தர்மபுரி மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் போகிறவர்கள் வயல் ஓரத்திலும் மரத்தடியிலும் நடுகற்களைப் பார்த்திருப்பார்கள். ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்த வீரர்களுக்கு ஊரார் எடுத்த கற்கள் இவை. பல்லவர் காலத்து வட்டெழுத்தோடு கூடிய கற்களும் இவற்றில் உண்டு. கையில் வில், இடுப்பில் குறுவாள் என்று வீரன் நிற்பான். சில கற்களில் அவன் உடம்பில் தைத்த அம்புகளைக்கூடச் செதுக்கியிருப்பார்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? பெரும்பாலான கற்களில் வீரன் வெற்றுடம்போடுதான் நிற்கிறான். அப்படியானால் தமிழன் கவசமே போட்டதில்லையா?

போட்டிருக்கிறான். புறநானூற்றின் 13ஆம் பாடலில் யானைமேல் வரும் சோழ மன்னன் ஒருவனுடைய புலித்தோல் கவசம் அம்புபட்டுச் சிதைந்திருக்கிறது. பதிற்றுப்பத்தில் சேரனை வீரர்களுக்கு 'மெய்ம்மறை' போன்றவன் என்று புகழ்கிறார்கள். மெய்யை மறைப்பது மெய்ம்மறை, அதாவது கவசம். சொல் நம்மிடம் இருக்கிறது. பொருள்தான் இல்லை. அந்தக் கவசத்தை எப்படி வெட்டினார்கள், எப்படித் தைத்தார்கள் என்று பாட்டைப் படித்து ஒருவராலும் செய்துவிட முடியாது.

ஒரு பழைய பொருள் கையில் இருந்தால் எவ்வளவு கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம்.

ஆயிரம் செதில்கள்

சாமுராய் கவசத்தின் அடிப்படை 'கோசானே' என்னும் சின்னத் தகடு. இரும்பிலோ பச்சைத் தோலிலோ இதை வெட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசையாக, பெரும்பாலும் 13 அல்லது 14 துளைகள் இருக்கும். துருப்பிடிக்காமலும் ஈரம் இறங்காமலும் இருக்க உருஷி என்ற மரத்தின் பாலை மேலே பூசுவார்கள். பிறகு ஒரு தகடு அடுத்த தகட்டின் பாதியை மூடும்படி வரிசையாகக் கோப்பார்கள். ஆக, எந்த இடத்தில் வெட்டு விழுந்தாலும் அங்கே இரண்டு அடுக்கு இருக்கும். அந்த வரிசைகளைப் பட்டுக் கயிற்றால் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டால் உடம்போடு வளைந்து கொடுக்கும் கவசம் தயார்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் துளைக்கும் துளைக்கும் இடைவெளி எவ்வளவு, கயிறு எந்தத் துளையில் நுழைந்து எதில் வெளியே வரும் என்பதெல்லாம் ஓவியத்தில் தெரியாது. அசல் கவசத்தைத் திருப்பி உள்பக்கம் பார்த்தால்தான் தெரியும்.

1615க்குப் பிறகு ஜப்பானில் பெரிய போர்கள் அநேகமாக ஓய்ந்துவிட்டன. கவசம் அலங்காரப் பொருளாகிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் 1800இல் சகாகிபாரா கோசான் என்பவர் கவசம் செய்யும் முறையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பழையது என்பதற்காக அவர் எல்லாவற்றையும் புகழவில்லை. நெருக்கமாகக் கட்டிய பட்டுக் கயிறு மழையில் நனைந்தால் கனக்கும், குளிரில் உறையும், நீண்ட போரில் எறும்பும் பேனும் குடியேறும் என்று குறைகளையும் பட்டியல் போட்டார். பழையதிலிருந்து கற்பது என்றால் அதன் தவறுகளையும் சேர்த்துத்தானே?

இன்னொரு சம்பவம் இதைவிடச் சுவையானது. டோக்கியோ பக்கம் மிதாகே மலைக் கோயிலில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிவப்புக் கயிற்றுக் கவசம் ஒன்று இருக்கிறது. 1903இல் அதைச் செப்பனிட்டபோது சிதைந்த கயிறுகளுக்குப் பதிலாக அன்றைய புதுக் கண்டுபிடிப்பான ரசாயனச் சாயம் தோய்த்த கயிறுகளைக் கட்டினார்கள். நடந்தது என்ன? புதுக் கயிறு வெளுத்துப்போனது. மஞ்சிட்டி வகைச் செடியின் வேரில் சாயமேற்றிய பழைய கயிறு சிவப்பாகவே நிற்கிறது! பிற்காலத்தில் அதன் நகலைச் செய்தவர்கள் வேர்ச் சாயத்துக்கே திரும்பினார்கள். பழைய கயிறு மிஞ்சியிருக்காவிட்டால் இந்தப் பாடம் யாருக்குக் கிடைத்திருக்கும்?

யானை கற்றுத்தந்த கணக்கு

இந்தியாவிலும் தகட்டுக் கவசம் செய்தார்கள். ஆனால் இங்கே பட்டுக் கயிற்றுக்குப் பதில் இரும்பு வளையங்களால் தகடுகளை இணைத்தார்கள். அதில் உலகப் புகழ் பெற்றது ஒரு யானைக் கவசம். அது இப்போது இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்து ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்தில்.

அது அங்கே போன கதையில் நம் பக்கமும் வருகிறது. தர்மபுரிப் பகுதி 1792 வரை திப்பு சுல்தானிடம் இருந்தது. அந்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கம்பெனியின் கைக்குப் போனது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணமே விழுந்தது. அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். அவர் மனைவி ஹென்றியெட்டா 1800இல் தென்னிந்தியா முழுக்கச் சுற்றிப் பொருட்கள் சேகரித்தார். 1801இல் அவர் ஊர் திரும்பினார். வட இந்தியாவில் 1600ஆம் ஆண்டு வாக்கில் செய்யப்பட்ட இந்த யானைக் கவசமும் அவர் மூலமாகவே இங்கிலாந்து போனது.

இன்று மிஞ்சியிருப்பதில் 5,840 தகடுகள், எடை 118 கிலோ. முதலில் எட்டுப் பகுதிகள் இருந்தன, இரண்டு தொலைந்துவிட்டன. இருக்கும் பகுதிகளை அளந்து, முழுக் கவசத்தில் சுமார் 8,400 தகடுகளும் ஏறத்தாழ 160 கிலோ எடையும் இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல் மிஞ்சினால் மீதியைக் கணக்குப் போட்டுவிடலாம். ஒன்றுமே மிஞ்சாவிட்டால்?

தஞ்சாவூரில் நடந்தது

1855இல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அரசு கம்பெனியிடம் போனது. அரண்மனை ஆயுதசாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த ஆயுதங்கள் குவிந்து கிடந்தன. 1863இல் அந்த ஆயுதசாலையைக் கலைத்தார்கள். பொறுக்கியெடுத்த ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. மற்றவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். காயலான் கடைக் கணக்குதான். ஒரு கொல்லன் எத்தனை நாள் உட்கார்ந்து செய்தான் என்பதற்கு அங்கே விலை கிடையாது. தராசு காட்டும் எடைக்குத்தான் காசு.

ஜப்பானில் மட்டும் எப்படித் தப்பியது? அங்கே வீரர்கள் தங்கள் கவசத்தைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். ஓமிஷிமா தீவில் உள்ள ஓயாமசுமி கோயிலில் அப்படிச் சேர்ந்த கவசங்கள் இன்றும் இருக்கின்றன. சாமிக்குக் கொடுத்ததை யாரும் உருக்கத் துணியவில்லை.

நம்மிடமும் ஆயுத பூஜை உண்டு. ஆனால் அது வருடத்துக்கு ஒரு நாள். பொட்டு வைத்த கத்தி தேய்ந்தால் மறுபடி உலைக்குத்தான் போகும். அது கொல்லனின் குற்றமும் அல்ல, இரும்பு விலை அப்படி.

சாமியாக நினைத்ததால் தப்பிய பொருள் தர்மபுரியிலும் இருக்கத்தான் செய்கிறது. அதே நடுகற்கள்! இந்தப் பக்கத்து மக்கள் பல நடுகற்களை வேடியப்பன் என்று பெயர் சொல்லிக் கும்பிடுகிறார்கள். எழுத்து படிக்கத் தெரியாத காலத்திலும் அந்தக் கற்களைக் காத்தது அந்தக் கும்பிடுதான். வேறு பல கற்கள் தர்மபுரி அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இன்றும் ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் தாத்தா காலத்து வாளோ கேடயமோ கிடக்கலாம். அதைக் கடையில் போடும் முன் ஒருமுறை மாவட்ட அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். போட்டால் கிடைப்பது ஒரு நாள் செலவுக்குக்கூடக் காணாது. அதைச் செய்யும் விதம் தெரிந்த கடைசிச் சாட்சி அந்த இரும்பாகவே இருக்கலாம்.