பாக்கி: ஆடிட் படிவத்தில் இல்லாத ஒரு சொல்

குமாரபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுபவர்களிடம் "பாக்கி" என்று சொன்னால் யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். வேலைக்குச் சேரும்போது தறி முதலாளியிடம் வாங்கும் முன்பணம் அது. அதைத் திருப்பிக் கொடுக்காமல் வேறு தறிக்குப் போக முடியாது. புது முதலாளி அந்தத் தொகையைக் கட்டிவிட்டு ஆளை அழைத்துக்கொள்ளலாம். அப்போ முதலாளி மாறுவார், கடன் கூடவே வரும்.

1999-இல் இந்தச் சொல் ஓர் ஆங்கில ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே ஏறியது. எழுதியவர் கேர்ட் டி நேவ் என்ற மானுடவியலாளர். பவானியிலும் குமாரபாளையத்திலும் களப்பணி செய்தவர். அவர் பாக்கியை வெறும் கொத்தடிமைக் கதையாக எழுதவில்லை. ஆள் பற்றாக்குறை இருக்கும்போது தொழிலாளர்களே பேரம் பேசி பாக்கி கேட்கிறார்கள். சிலர் வாங்கிக்கொண்டு ஓடியும் போகிறார்கள். ஆளைக் கட்டிப்போடக் கொடுத்த பணம் முதலாளிக்கே தலைவலியாகவும் ஆகும் என்று காட்டினார்.

ஆடைத் துறையில் "சமூக நிலைத்தன்மை" பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் எழுதியதைக் கொஞ்ச நாளாகப் படித்துவருகிறேன். எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது: ஆய்வாளர் எங்கே நின்று கேள்வி கேட்டார் என்பதைப் பொறுத்துத்தான் பதிலும் கிடைத்திருக்கிறது.

முதலில் ஆலைக்குள் நின்று கேட்டவர்கள். 1991-இல் லீவைஸ், 1992-இல் நைக்கி என்று பிராண்டுகள் தங்கள் சப்ளையர்களுக்கு நடத்தை விதிகள் எழுதின. 1997-இல் எஸ்ஏ 8000 சான்றிதழ் வந்தது. விதி வந்தால் அதைச் சரிபார்க்க ஆள் வேண்டும் இல்லையா? ஆடிட் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. இதெல்லாம் பலன் தருகிறதா என்று எம்ஐடி பேராசிரியர் ரிச்சர்ட் லாக்கும் அவருடைய குழுவும் நைக்கியின் ஆடிட் தரவுகளையே வாங்கிப் பார்த்தார்கள். 800-க்கும் மேற்பட்ட ஆலைகள். ஆடிட்டை மட்டும் நம்பினால் பெரிய மாற்றம் வருவதில்லை என்பது 2007-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு.

அதைச் சரியாகக் காதில் வாங்கியிருக்கலாம். 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது.

இனி திருப்பூருக்கு வருவோம். இங்கே வந்த ஆய்வாளர்கள் கேட்ட கேள்வியே வேறு. ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட 'ஃபிரட்டர்னல் கேபிடல்' நூலில் ஊரின் வரலாற்றை நோண்டினார். சிறு விவசாயிகளாகவும் தொழிலாளிகளாகவும் இருந்த கவுண்டர்கள் எப்படி பனியன் கம்பெனி முதலாளிகள் ஆனார்கள்? "உழைப்பு" என்பதுதான் அவர்கள் சொன்ன பதில். அந்தப் பதிலை அப்படியே ஏற்காமல், சாதியும் ஆண் என்ற இடமும் அந்த உழைப்பை எப்படி மூலதனமாக மாற்றின என்று பார்த்தார் சாரி.

டி நேவ் பிறகு திருப்பூருக்கே வந்தார். அவர் 2014-இல் எழுதிய கட்டுரை, பிராண்டுகளின் விதிகளை எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் சங்கடம் தரக்கூடியது. சான்றிதழ் வாங்கிய பெரிய ஆலைகளைவிட்டு, பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் சின்ன யூனிட்டுகளைப் பல டெய்லர்கள் விரும்பிப் போகிறார்கள். ஏன்? ஊர்த் திருவிழாவுக்கோ சாவுக்கோ லீவு எடுக்கலாம். சூப்பர்வைசர் தலைக்கு மேல் நின்று கத்துவதில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆடிட் மதிப்பெண் போடும் பட்டியலும் தொழிலாளி மனசுக்குள் வைத்திருக்கும் பட்டியலும் வேறு வேறு, அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமானது, டி நேவும் கிரேஸ் கார்ஸ்வெல்லும் 2013-இல் எழுதிய கட்டுரை. திருப்பூர் வட்டாரத்தில் இரண்டு கிராமங்களை (பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறார்கள்) ஒப்பிட்டார்கள். ஒரு கிராமத்துத் தலித் இளைஞர்கள் பஸ் ஏறி பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். பண்ணையாரின் பிடி தளர்ந்திருக்கிறது. இன்னொரு கிராமத்தில் ஊருக்குள்ளேயே விசைத்தறி. முன்பு நிலத்தில் வேலை வாங்கிய சாதியே இப்போது தறி முதலாளி. தலித்துகள் அவர்களிடம் முன்பணம் வாங்கிச் சிக்கியிருக்கிறார்கள். ஒரே வட்டாரம், ஒரே காலம். ஒரு ஊரில் விடுதலைக்கு ஒரு வழி திறந்தது, பக்கத்து ஊரில் பழைய கட்டு புது உருவம் எடுத்தது. பாக்கியை வைத்துப் பேரம் பேசலாம் என்று முன்பு எழுதினாரே, அந்தப் பேர வலிமை எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை என்பது இங்கேதான் உறைக்கிறது.

ஆலை வாசலில் படிவத்தோடு நிற்பவர் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவே முடியாது. தீயணைப்புக் கருவி இருக்கிறதா, வருகைப் பதிவேடு சரியா என்று பார்ப்பார். அதுவும் வேண்டியதுதான், கராச்சியில் உயிர் போனதே அது இல்லாமல்தான். ஆனால் ஓர் ஆளால் வேலையை விட்டுப் போக முடியுமா என்ற கேள்விக்கான பதில் அவர் வீட்டில், கடன் கணக்கில் இருக்கிறது.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், 2023 ஜனவரி 1 முதல் ஜெர்மனியில் சப்ளை செயின் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024-இல் இதேபோல ஒரு நெறிமுறையை நிறைவேற்றியது. திருப்பூருக்கும் கரூருக்கும் புதிய படிவங்கள் வரத்தான் போகின்றன. அவற்றைத் தயாரிப்பவர்கள் 25 வருடங்களாக இங்கே நடந்த ஆய்வுகளைப் படித்திருப்பார்களா, இல்லை பழைய செக்லிஸ்ட்டுக்குப் புது அட்டை போடுவார்களா? என்னளவில், இந்த மாதிரி அறிக்கை எது கைக்கு வந்தாலும் முதலில் ஒன்றைத்தான் தேடுகிறேன்: தொழிலாளியிடம் எங்கே வைத்துப் பேசினார்கள்? ஆலைக்குள் மேனேஜர் கண் முன்னாலா, அவர் ஊரில் அவர் வீட்டுத் திண்ணையிலா? அதைச் சொல்லாத அறிக்கையின் மதிப்பெண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.