இக்போ மக்கள்

நைஜீரியாவின் தென்கிழக்கில், நைஜர் ஆற்றின் இரு கரைகளிலும் வாழும் இனத்தார். இவர்களின் மொழிக்கும் இக்போ என்றே பெயர். ‘இக்போவுக்கு அரசனில்லை’ என்பது இவர்களிடையே வழங்கும் பழமொழி. ஆங்கிலேய அதிகாரிகள் பலர் இதை ஆட்சியே இல்லாத நிலை என்று கொண்டனர். அது பிழையான கணிப்பு. உமுன்னா எனும் பங்காளிக் குழு, ஒத்த வயதினர் குழு, பட்டம் பெற்ற பெரியவர்கள், உமுஆடா எனப்படும் பிறந்தகத்துப் பெண்மக்கள் எனப் பலரிடம் அதிகாரம் பிரிந்திருந்தது. எகே, ஒரியே, அஃபோ, ன்க்வோ என வாரத்துக்கு நான்கே நாள்கள். நான்கும் சந்தைகளின் பெயர்கள். அண்டை ஊர்கள் ஊருக்கொரு நாளாகச் சந்தை கூட்டிக்கொண்டன.

ந்ரியில் ஏசே, ஒனிச்சாவில் ஓபி என மன்னர்கள் இருந்தார்களே என்று கேட்கலாம். ஒனிச்சா அரசமரபு பெனினிலிருந்து வந்தது என்ற மரபுச் செய்தி இன்னும் விவாதத்தில் உள்ளது. ந்ரியின் ஏசேயிடமோ படை இல்லை. மண்ணுக்கு நேர்ந்த தீட்டைக் கழிப்பதும் பட்டம் வழங்குவதுமே அவர் செல்வாக்குக்கு அடிப்படை. அவ்வூரை அடுத்த இக்போ-உக்வுவில் தர்ஸ்டன் ஷா நடத்திய அகழாய்வு, அமர்ந்த நிலையில் புதைக்கப்பட்ட ஒரு பெருமகனையும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மணிகளையும் வெளிக்கொணர்ந்தது. காலம் 9ஆம் நூற்றாண்டு என்பர். அதைப் பிற்காலத்தது என்போரும் உண்டு. கயிற்றுப் பின்னலின் முடிச்சுகூடப் பிசகாமல் வெண்கலத்தில் வார்த்த கலயம் ஒன்று அங்கே கிடைத்தது. கலங்கள் சிலவற்றின் மேல் பூச்சிகளும் சிறு உருவங்களாக ஒட்டியுள்ளன. அடுத்த பல நூற்றாண்டுகளுக்குச் சான்று குறைவு. அடிமை வணிகம் பெருந்தொகையானோரைக் கடல் கடத்தியது. 1789இல் தம் வரலாற்றை வெளியிட்ட ஒலாடா எக்வியானோ தம்மை இக்போ நாட்டில் பிறந்தவர் என்றார். அவர் தென் கரோலினாவில் பிறந்தவர் என்று கூறும் ஆவணங்களும் உள்ளன.

1929இல் நடந்த பெண்களின் எழுச்சிக்கோ சான்றுகள் நிறைய உள்ளன. அரசனில்லா ஊர்களில் ஆங்கிலேயர் சன்னது கொடுத்துத் தலைவர்களை அமர்த்தியிருந்தனர். ஒலோகோவில் அப்படி ஒருவரின் ஆள் ஆடுமாடுகளையும் ஆட்களையும் கணக்கெடுக்க வந்ததும், பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற அச்சம் பரவியது. பனையோலை கைமாறிச் செய்தியைக் கொண்டுசென்றது. தவறு செய்த ஆணின் வீட்டைச் சூழ்ந்து பாடியும் ஆடியும் பணியவைப்பது பெண்களின் பழைய வழக்கம். அதையே சன்னதுத் தலைவர்கள்மேல் பிரயோகித்து, பதவியின் அடையாளமான தொப்பியைக் கேட்டுப் பறித்தனர். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தனர். அவர்களில் இபிபியோ முதலிய பிற இனத்தாரும் இருந்தனர். அரசு இதை ‘கலகம்’ என்று எழுதியது. அது மரபு வழிப்பட்ட எதிர்ப்பு என்பதை விசாரணையில் பெண்கள் அளித்த சாட்சியமே காட்டுகிறது. சன்னதுத் தலைவர் முறை பின்னர் கைவிடப்பட்டது.

1966இல் நைஜீரியாவின் வடக்கில் இக்போ மக்கள்மேல் நடந்த படுகொலைகளுக்குப் பின், 1967 மே 30 அன்று தென்கிழக்குப் பகுதி பியாஃப்ரா எனும் தனிநாடாக அறிவிக்கப்பட்டது. அதனால் மூண்ட உள்நாட்டுப் போர் 1970 ஜனவரியில் முடிந்தது. இறந்தோர் ஐந்து லட்சம் முதல் முப்பது லட்சம் வரை என மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. பலர் பட்டினியால் மாண்டனர். இன்று மாநில அரசு ஏற்ற ஏசேக்கள் ஊர்தோறும் உள்ளனர். ஆனாலும் சாலைக்கும் பள்ளிக்கும் பணம் திரட்டுவது ஊர்ச் சங்கங்களே.