தப்பும் தகரப் பெட்டியும்

அக்கரப்பத்தனைப் பகுதித் தோட்டங்களிலே காமன் கூத்தைக் கண்டவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். ஆட்டம் தொடங்குமுன் தப்படிப்போர் சருகையும் காகிதத்தையும் கொளுத்தித் தத்தம் தப்பின் முகத்தைத் தீயிற் காட்டுவர். இடையிடையே தட்டிப் பார்ப்பர். போதாதெனின் மீண்டும் காட்டுவர். மலைநாட்டுப் பனியில் ஈரமேறித் தளர்ந்த தோல் வெப்பத்தால் உலர்ந்து இறுகுகின்றது. மந்தமாய்க் கிடந்த ஓசை கணீரென எழுகின்றது. எவ்விடத்தில் நிறுத்துவது என்பதை அவர்களுக்கு உணர்த்துவது செவி ஒன்றே.

இதனை மனத்திற் கொண்டு, உலகின் பல நாடுகளில் சிறு பட்டறைகளிலே கையாற் செய்யப்படும் மற்றொரு கருவியின் வரலாற்றை நோக்குவோம். மின் கித்தார் வாசிப்போர் காலடியில் வைத்து மிதிக்கும் சிறு பெட்டியே அது. கைகள் இரண்டும் தந்தியில் இருப்பதால், ஓசையை மாற்றும் பொறுப்பு காலுக்கு வந்தது. அதனைப் 'பெடல்' என்று வழங்குவர்.

இக்கருவி பிறந்தது ஒரு பழுதினால். 1961ஆம் ஆண்டு வெளியான மார்ட்டி ராபின்ஸின் பாடலொன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. அப்போது ஒலிப்பதிவு மேசையின் ஒரு பகுதி பழுதுற்றது. கிரேடி மார்ட்டின் வாசித்த தந்தியின் ஒலி கரகரத்துப் பதிவாயிற்று. அதை அழித்துவிடாமல் பாடலிலேயே இருக்கவிட்டனர். கேட்டோர் அவ்வொலியை விரும்பினர். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னோடி, பழுதினால் வந்த ஒலியை வேண்டும்போது வரவழைக்கும் மின்சுற்றொன்றை மற்றொருவர் துணையுடன் அமைத்தார். கிப்சன் நிறுவனம் 1962இல் அதனை 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. தொடக்கத்தில் வாங்குவோர் அருகினர். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாடலில் அவ்வொலி முழங்கிய பின்னரே அதற்குப் பெருங்கிராக்கி உண்டாயிற்று.

இதன் செயல்முறை எளிது. தந்தியின் அதிர்வு காந்தத்தாலும் கம்பிச்சுருளாலும் மெல்லிய மின்னலையாகின்றது. பெட்டியிலுள்ள டிரான்சிஸ்டர் அவ்வலையைத் தன் எல்லைக்கு மேலும் பெருக்க முயலுகின்றது. இயலாமையால் அலையின் முகடு வெட்டுண்டு தட்டையாகின்றது. வெட்டுண்ட அலையிலிருந்து முன்பில்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. அதுவே நாம் கேட்கும் கரகரப்பு. 1966இல் இலண்டனில் வெளிவந்த 'ஃபஸ் ஃபேஸ்' பெட்டியின் சுற்றிலே டிரான்சிஸ்டர்கள் 2, மின்தடைகள் 4, மின்தேக்கிகள் 3, திருகிகள் 2 எனப் 11 உறுப்புகளே இருந்தன.

இவ்வளவு எளிய பொருளுக்குக் கைவினைஞன் எதற்கு என்று வினவலாம். விடை அந்த டிரான்சிஸ்டரிலே உள்ளது. தொடக்ககாலத்தில் அவை ஜெர்மானியத்தால் ஆனவை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்தாலும் ஒன்றின் பெருக்கம் மற்றொன்றுக்கு இராது. அன்றியும், வெப்பம் ஏறினால் ஒரு குணம், குளிர்ந்தால் வேறொரு குணம். ஆகவே செய்பவன் ஒவ்வொன்றையும் அளந்து, பொருத்தி, வாசித்துக் கேட்டே தெரிவு செய்யவேண்டும். தோலும் அத்தகையதன்றோ! பின்னர் வந்த சிலிக்கன் நிலையானது. ஆயினும் ஜெர்மானியத்தைத் தேடுவோர் இன்றும் உளர்.

1977 முதல் யப்பானின் பாஸ் நிறுவனம் கையடக்கமான பெடல்களைத் தொழிற்சாலையில் செய்து குவித்தது. கைவேலை இத்துடன் ஒழிந்தது என எண்ணியிருக்கலாம்; ஒழியவில்லை. 1990களில் தனியாட்கள் பலர் மீண்டும் பற்றவைப்புக் கோலை எடுத்தனர். நம் அண்டை நாட்டிலும் இதற்கு நெருங்கிய நிகழ்ச்சியொன்று உண்டு. புல்லாங்குழல் வாசிப்பவரும் பொறியியலாளருமான ராஜ் நாராயண் என்பவர் பெங்களூரில் 1979இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். பெடலின் நோக்கம் வேறு, தம்புராவின் நோக்கம் வேறு. எனினும் தேவையை உணர்ந்த இசைஞனே கருவி செய்பவனும் ஆனமை இரண்டிற்கும் பொது.

அமெரிக்காவிலே பில் ஃபின்னகன் என்பவர் 1994இல் 'கிளான் சென்டார்' என்னும் பெடலை வெளியிட்டார். தம் சுற்றைப் பிறர் பார்த்துச் செய்யாதிருக்கும்பொருட்டு அதன்மேல் கெட்டியான பிசினை வார்த்து மூடினார். பிற்காலத்தில் ஆர்வலர்கள் அப்பிசினை அகற்றிச் சுற்றை வரைந்துவிட்டனர். மறைத்த அறிவும் இவ்வாறு ஏட்டில் ஏறிற்று. செய்தவர் பெயரும் நிலைத்தது.

நமது தப்பின் கதையோ நேர்மாறானது. அதன் நுட்பத்தை எவரும் மூடி வைக்கவில்லை. கேட்பாரில்லாமலே அது மறைகின்றது. எந்தத் தோல், எம்மரத்துச் சட்டம், எவ்வளவு சூடு என்பவை தந்தையிடமிருந்து மகனுக்குக் கண்ணாலும் செவியாலுமே வந்தன. ஒரு காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்தது தப்பின் ஓசை. திருவிழாவுக்கும் இழவுக்கும் அது வேண்டியிருந்தது. ஆயினும் அதைச் செய்த கையைச் சாதியின் பெயரால் தாழ்த்தி வைத்தோம். மகன் அத்தொழிலைக் கைவிட்டமைக்கு வறுமை மட்டுமன்று, இவ்விழிவும் காரணமாகும். அவனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

மின்சுற்று அமைப்பவனைப் புத்தாக்கம் செய்தவன் என்று போற்றும் இளைஞர்கள், தங்கள் லயத்து முதியவரிடம் ஒருநாள் சென்று அமரட்டும். தோலைக் காயவைப்பது எப்படி என்று பணிவுடன் கேட்டு, அவர் சொல்வதை அவர் பெயருடன் எழுதி வைக்கட்டும். ஒரு பள்ளிக் குறிப்பேடு அதற்குப் போதும். அவரும் இல்லாமற் போனபின் குறிப்பேடிருந்தும் எழுத ஒன்றும் இராது.